வன்னிப் பறவைக் குரல் பழக எந்த ரெக்கோர்டிங்கை எடுக்கிறது?

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சனான். வன்னியில ஒட்டுசுட்டான் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து 6 மாதம், விடியப்புறம் குவாட்டர்ஸைச் சுத்தி ஒரே பறவைச் சத்தம், எது எதெண்டு அறிய ஆசைப்பட்டு ஆரோ தந்த 300 பறவையின்ர ஓடியோ ஃபோல்டரைப் போனில போட்டு பஸ்ஸில போகேக்க வரேக்க கேக்கிறியள், ஆனா காட்டுப்பக்கம் இருந்து வாற ஒரு சத்தமும் பிடிபடேல்லை, எந்த ரெக்கோர்டிங்கை எடுத்துப் பழகினா நல்லம் எண்டு கேட்டிருக்கிறியள். அதோட பொழுதுபட கிறவுண்ட் பக்கம் பிங்பொங் பந்து விழுந்து துள்ளுற மாதிரி ஒரு சத்தம் வருது, அது பறவையோ தவளையோ எண்டும் ஒரு கேள்வி. அதுக்குக் கடைசியில வாறன்.

உங்கட காதில ஒரு குறையும் இல்லை. அந்த ஃபோல்டர்தான் பிரச்சினை. 300 பறவையை ஏபிசிடி ஒழுங்கில அடுக்கி வைச்சிருந்தா அதில முக்கால்வாசி நுவரெலியாவிலயும் சிங்கராஜா மழைக்காட்டிலயும் இருக்கிறது, இல்லாட்டி ஹிமாலயத்தில இருக்கிறது, வன்னியில நீங்கள் கேக்கவே போறேல்லை. ஒரு வீட்டில இருக்கேக்க சுவருக்கு அங்கால ஆர் இருமினாலும் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும், ஏனெண்டா அந்த நாலைஞ்சு பேரின்ர இருமலைத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு இருக்கிறம். ஊர் முழுக்க இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா வந்து இருமிப்போட்டுப் போனா ஒருத்தரையும் ஞாபகம் இருக்காது. பறவையும் அப்பிடித்தான். கொஞ்சப் பறவை, கிட்டடிப் பறவை, திருப்பித் திருப்பி.

அதால முதல் வேலை ரெக்கோர்டிங் தேடுறதில்லை. ஒரு கிழமைக்குப் போனை ஓஃப் பண்ணிப்போட்டு விடிய ஐஞ்சரைக்கு ஒரே இடத்தில ஒரு கதிரையைப் போட்டு இருங்கோ, ஆறரை மட்டும். கேக்கிற சத்தம் ஒவ்வொண்டையும் உங்கட சொல்லில கொப்பியில எழுதுங்கோ, பேர் தேவையில்லை. "கதவுப் பிணைச்சல் கிறீச்சிடுற மாதிரி, கூட்டமா, நிலத்தில", "தகரத்தில சுத்தியலால தட்டுற மாதிரி, நிப்பாட்டாமல்", "ரெண்டு விசில், பத்தைக்குள்ள, வெளிச்சம் வர முதல் மட்டும்" இப்பிடி. ஒரு கிழமை முடிய ஒரு பத்துப் பன்னிரண்டு சத்தம் சேர்ந்திருக்கும், அதுதான் உங்கட பட்டியல். அதுக்குத்தான் ரெக்கோர்டிங் தேடோணும்.

உங்கட பட்டியலில என்ன வரும் எண்டு நான் ஓரளவுக்கு இஞ்சயிருந்தே சொல்லுவன். கதவுப் பிணைச்சல் புலுனி, அது ஏழெட்டாச் சேர்ந்து வளவுக்குள்ள சருகைக் கிளறிக்கொண்டு கத்தும். தகரத்தில தட்டுறது சின்னக் குக்குறுவான், செம்மார்பு உள்ளது. பெரிய பழுப்புத்தலைக் குக்குறுவான் "குட்றூ குட்றூ" எண்டு காடு முழுக்க அதிரக் கூப்பிடும். குயில், செண்பகம், மயில், ஆட்காட்டி, காட்டுக்கோழி இவை ஐஞ்சும் கட்டாயம். கொண்டைக்குருவி, தையற்சிட்டு, மாங்குயில், பிறகு குண்டுகரிச்சான், அதை எங்கட பக்கம் சிலபேர் வண்ணாத்திக்குருவி எண்டும் சொல்லுவினம். பத்தைக்குள்ள இருந்து திடீரெண்டு ஒரு கை நிறைய சத்தத்தை அள்ளி எறிஞ்சமாதிரி வெடிச்சுப்போட்டு அமந்து போற ஒண்டு இருக்கு, ஆளைக் காணவே கிடைக்காது, அது வெண்புருவக் கொண்டைக்குருவி, வன்னிப் பத்தைக் காட்டின்ர அடையாளச் சத்தமே அதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

இனி ரெக்கோர்டிங். ஸெனோ-கான்டோ எண்ட வெப்சைற்றில இருந்து தொடங்குங்கோ. 2005ல நெதர்லாந்தில ரெண்டு பேர் தொடங்கினது, உலகம் முழுக்க ஆக்கள் தாங்கள் பதிஞ்ச குரலை அதில போடுகினம், காசு இல்லாமல் கேக்கலாம், டவுன்லோட் பண்ணலாம். கோர்னெல் பல்கலைக்கழகத்தின்ர மக்கோலே லைப்ரரியும் இருக்கு, ஈபேர்ட் எண்ட பறவைப் பதிவு வெப்சைற்றில ஆக்கள் போடுற ஓடியோ எல்லாம் அதுக்குள்ளதான் போய்ச் சேருது. ரெண்டிலயும் ஒரு பறவையின்ர பேரை அடிச்சா சிலவேளை நூற்றுக்கணக்கில வரும். அதில எது எண்டதுதான் உங்கட கேள்வி.

நான் முதல் பாக்கிறது இடம். எந்த நாடு, நாட்டுக்குள்ள எந்தப் பக்கம். இதில நான் பட்டது ஒண்டு சொல்லுறன். தொடக்க காலத்தில காட்டுக்கோழிச் சேவலின்ர குரல் எண்டு ஒரு ரெக்கோர்டிங்கைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைச்சிருந்தன். கிட்டத்தட்ட ஒரு வருசம். ஒருநாள் நெடுங்கேணிப் பக்கம் வயல் ஓரத்தில காட்டுக்கோழிச் சேவல் முன்னால நிண்டு கூவுது, ஆளையும் பாக்கிறன், சத்தம் நான் படிச்சதில்லை. பேந்து பாத்தா நான் படிச்சது தென்னிந்தியாவில இருக்கிற சாம்பல் காட்டுக்கோழி. எங்கடது வேற இனம், இந்த நாட்டை விட்டா வேற எங்கையும் இல்லை, நாட்டின்ர தேசியப் பறவையே அதுதான். தமிழில ரெண்டையும் காட்டுக்கோழி எண்டுதான் சொல்லுறம், அதால வந்த பிழை. இப்ப நான் தேடேக்க இங்கிலிஸ் பேரைவிட விஞ்ஞானப் பேரை அடிச்சுத்தான் தேடுறன், இங்கிலிஸ் பேர் ஆளுக்காள் மாறும், சிலோன் எண்டு இருந்தது ஸ்ரீலங்கா எண்டு மாறியிருக்கும்.

நாடு சரியெண்டா அடுத்தது உலர்வலயமோ, அதாவது எங்கட பக்கம் மாதிரி மழை குறைஞ்ச இடமோ எண்டு பாருங்கோ. மன்னார், வில்பத்து, அனுராதபுரம், சிகிரியா, திருகோணமலை, அம்பாந்தோட்டை இந்தப் பெயர்கள் இருந்தா நல்லம். பறவை அதுதான் எண்டாலும் பின்னணியில கேக்கிற மற்றப் பறவையள், பூச்சிச் சத்தம், காத்து எல்லாம் உங்கட வளவில கேக்கிறதோட ஒத்துவரும், காது அதையும் சேர்த்துத்தான் பழகுது. சிங்கராஜாவில பதிஞ்சதில மழைக்காட்டுப் பூச்சி இரைச்சல் ஒண்டு விடாமல் ஓடிக்கொண்டு இருக்கும், இஞ்ச அந்த இரைச்சல் இல்லாமல் பறவை மட்டும் கத்தேக்க ஏதோ வேற பறவை மாதிரி இருக்கும்.

ஆனா எல்லாப் பறவைக்கும் இந்த இட விசயம் ஒரே அளவு முக்கியமில்லை, இது கனபேருக்குத் தெரியாத சங்கதி. பாட்டுக்குருவியள் எண்டு சொல்லுற பெரிய கூட்டம், குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையற்சிட்டு மாதிரியானதுகள், குஞ்சாயிருக்கேக்க பெரிசுகளைக் கேட்டுத்தான் பாட்டைப் பழகுதுகள். எங்கட பேச்சு மாதிரித்தான், யாழ்ப்பாணத்தில ஒரு மாதிரி, மட்டக்களப்பில ஒரு மாதிரி. அதால அதுகளுக்குக் கிட்டடி ரெக்கோர்டிங் வேணும். குயில், செண்பகம், ஆந்தை, பக்கி எண்ட இராப்பறவை, புறா, ஆட்காட்டி இதுகளுக்குக் குரல் பெரும்பாலும் பிறப்போட வாறது, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, குயிலை வளக்கிறதே காகம், அது எங்க குயில் பாட்டுப் படிப்பிக்கிறது! அதால இதுகளுக்கு இலங்கை ரெக்கோர்டிங் நல்லதாக் கிடைக்காட்டி தமிழ்நாட்டில பதிஞ்சதை எடுத்தாலும் பெரிய பிழை வராது, இனம் அதேதானோ எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ. மன்னார்ப் பக்கக் கவுதாரிக்கு ராமநாதபுரத்திலயோ கோடியக்கரையிலயோ பதிஞ்சது கிடைச்சா தாராளமா எடுக்கலாம், கடலுக்கு அங்கால இருந்தாலும் அதே வறண்ட பத்தை நிலம்தான்.

அடுத்தது என்ன வகைச் சத்தம். ஒவ்வொரு ரெக்கோர்டிங்குக்கும் கீழ பாட்டு, கூப்பிடுற சத்தம், பயந்து கத்துறது, குஞ்சு சாப்பாடு கேக்கிறது, பறக்கேக்க போடுற சத்தம் எண்டு வகை போட்டிருப்பினம். கனபேர் வடிவான பாட்டு ரெக்கோர்டிங்கா எடுத்துச் சேர்ப்பினம், கேக்க இனிமையாத்தான் இருக்கும், ஆனா நாளுக்கு நீங்கள் கேக்கிறதில பாதிக்கு மேல பாட்டில்லை, சும்மா "டிக் டிக்", "ச்சர்ர்" எண்ட சின்னச் சத்தங்கள்தான். அதிலயும் வலசை வாற பறவையள். ஐப்பசி கார்த்திகையில வடக்க இருந்து வந்து மாரி முழுக்க இஞ்ச நிண்டு சித்திரைக்கு முன்னப்பின்னத் திரும்பிப் போறதுகள் கன இனம், அதுகள் கூடு கட்டிறது தங்கட வடக்கு ஊரில, இஞ்ச இல்லை, பாட்டையும் பெரும்பாலும் அங்கதான் பாடுங்கள். ஐரோப்பாவிலயோ சைபீரியாவிலயோ பதிஞ்ச பாட்டைக் கேட்டு வைச்சுக்கொண்டு வன்னியில தேடினா ஒருநாளும் சந்திக்க மாட்டியள். அதுகளுக்குக் கோல், அதாவது கூப்பிடுற சத்தம், எண்டு போட்டிருக்கிறதை, அதுவும் நவம்பர் தொடக்கம் மார்ச் வரைக்கும் இலங்கையிலயோ இந்தியாவிலயோ பதிஞ்சதை எடுங்கோ. திகதி கட்டாயம் பாருங்கோ, ஒருத்தரும் பாக்கிறேல்லை.

இதுக்கு நல்ல விதிவிலக்கு ஆறுமணிக்குருவி, கொப்பியில "ரெண்டு விசில், வெளிச்சம் வர முதல்" எண்டு எழுதினா அதுவாத்தான் இருக்கும். அதுவும் வலசைதான், ஆனா இஞ்ச வந்து நிக்கேக்கையும் காலமையும் பின்னேரமும் அந்த இருட்டுப் பிரியிற நேரத்துக்கு ரெண்டு சுரத்தில விசிலடிக்கும், ரெண்டாவது விசிலுக்குத் தலையைப் பின்னுக்கு எறியும், ஒன்பது நிறம் போட்ட பறவை நிலத்தில சருகுக்குள்ள நிண்டு இதைச் செய்யிறதை நான் கண்டது என்ர வாழ்க்கையில மூண்டே மூண்டு தரம், கேட்டது நூற்றுக்கணக்கில. கேட்டுத்தான் அந்தப் பறவையோட வாழலாம்.

ஆணையும் பெண்ணையும் மறந்திடாதைங்கோ. குயில் எண்டா எல்லாருக்கும் ஆண்குயிலின்ர "குக்கூ" ஏறி ஏறிப் போறதுதான் தெரியும். பெண்குயில் "கிக் கிக் கிக்" எண்டு கீச்சிட்டுக்கொண்டு பறக்கும், அதைப் பருந்தைக் கண்ட ஏதோ பறவையின்ர கத்தல் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற ஆக்கள் எங்கட ஊரில இண்டைக்கும் கனக்க. ரெண்டையும் எடுங்கோ.

ஸெனோ-கான்டோவில ஏ தொடக்கம் ஈ மட்டும் தர எழுத்து இருக்கும், ஏ எண்டா திறம். அந்த ஏ எண்டதைக் கண்டவுடன எடுத்துப் போடாதைங்கோ. அது ஒலி எவ்வளவு தெளிவு எண்டதுக்குக் குடுக்கிற தரம், அந்தப் பறவை வழமையாப் போடுற சத்தமோ எண்டதுக்கு இல்லை. பெரிய டிஷ் மாதிரியான கருவியோட பறவைக்குக் கிட்டப் போய்ப் பதிஞ்சது பறவை காதுக்குள்ள வந்து இருந்து கத்துறமாதிரி இருக்கும், ஒவ்வொரு சின்ன நெளிவும் கேக்கும். நீங்கள் உண்மையில கேக்கப்போறது வயலுக்கு அங்கால, பாலை மரத்து உச்சியில, காத்து குறுக்க அடிக்க. அதால நான் ஒவ்வொரு பறவைக்கும் மூண்டு எடுக்கிறனான்: துப்பரவான ஒண்டு, சாதாரணமா பி தரத்தில மற்றச் சத்தங்களோட கலந்த ஒண்டு, தூரத்தில கேக்கிற ஒண்டு, அது சி எண்டாலும் பரவாயில்லை. மூண்டும் அதே இனத்தில வேற வேற பறவையை வேற வேற ஆக்கள் பதிஞ்சதா இருக்கோணும். ஒரே ஒரு ரெக்கோர்டிங்கைத் திருப்பித் திருப்பிக் கேட்டா அந்த ரெக்கோர்டிங்கைத்தான் பாடமாக்குவியள், அதில அஞ்சாவது செக்கனில ஒரு நாய் குலைச்சா நாய் குலைச்சவுடன பறவைப் பேர் வாயில வரும். குண்டுகரிச்சான் மாதிரி நூறு விதமாப் பாடுறதுக்கு மூண்டும் காணாது, ஆறேழு கேக்கோணும், அப்பதான் பாட்டு மாறினாலும் மாறாத அந்தக் குரலின்ர தன்மை பிடிபடும்.

கலந்த ரெக்கோர்டிங்கில ஒரு ஆபத்து இருக்கு. எந்தச் சத்தம் பேர் போட்ட பறவை எண்டு தெரியாமல் பக்கத்துச் சத்தத்தைப் படிச்சுப்போடுவியள். எனக்கு அது அணிலால நடந்தது. வெண்புருவக் கொண்டைக்குருவி எண்டு போட்ட ரெக்கோர்டிங்கில பறவை ரெண்டு தரம்தான் வெடிச்சுக் கத்துது, மிச்சம் முழுக்க "ச்சிப் ச்சிப் ச்சிப்" எண்டு ஒண்டு விடாமல் ஓடுது, நான் அதைத்தான் பறவை எண்டு பிடிச்சு வளவு முழுக்கத் தேடித் திரிஞ்சு கடைசியா மாமரத்தில வாலை ஆட்டி ஆட்டி அணில் கத்துறதைக் கண்டன். உங்கட பிள்ளையளுக்கும் இதைச் சொல்லுங்கோ, பறவைச் சத்தம் எண்டு கொண்டு வந்து சொல்லுறதில கொஞ்சம் அணில், கொஞ்சம் பல்லி, மாரியில முக்கால்வாசி தவளை. நல்ல ரெக்கோர்டிங்கில பின்னணியில என்னென்ன பறவை எண்டு பதிஞ்சவர் எழுதியிருப்பார், அப்பிடி எழுதியிருக்கிறதைத் தேடி எடுங்கோ, கவனமான ஆள் எண்டதுக்கு அது அடையாளம்.

அதே பக்கத்தில இன்னும் ரெண்டு சின்ன வரி இருக்கும். பறவையைக் கண்ணால கண்டதோ, ஒலிபோட்டுக் கூப்பிட்டதோ எண்டு. முதலாவதுக்கு ஓம் எண்டும் ரெண்டாவதுக்கு இல்லை எண்டும் இருக்கிறதை எடுங்கோ. ஸ்பீக்கரில அதின்ர குரலைப் போட்டுக்காட்டினா தன்ர எல்லைக்குள்ள வேற ஆம்பிளை வந்திட்டான் எண்டு நினைச்சு கோவத்தில கெதியா, இடைவெளி இல்லாமல் கத்தும். அது சண்டைக் குரல். அதைப் படிச்சா ஆறுதலாப் பாடுற பறவையை அடையாளம் தெரியாது.

இரட்டைவால் கரிக்குருவி எண்டு போட்ட நீளமான ரெக்கோர்டிங் எதையும் இப்ப தொடாதைங்கோ. அதிலயும் எங்கட பக்கத்து வெள்ளை வயித்துக் கரிக்குருவி மற்றப் பறவையள் எல்லாத்தையும் போலி பண்ணும், வல்லூறு, மாங்குயில், பூனை கத்தினாலும் கத்தும். சிங்கராஜாவில இதின்ர உறவுக்காரப் பறவையை வைச்சு பேராசிரியர் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் செய்த ஆய்வில, ஆபத்து வரேக்க மற்றப் பறவையளின்ர அபாயக் குரலைத்தான் அது தேடி எடுத்துப் போலி பண்ணுது எண்டு கண்டிருக்கினம். மற்றக் குரல்கள் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடா வந்தாப் பிறகு கரிக்குருவியைக் கேளுங்கோ, அப்ப அது சரியான சந்தோசம், இப்ப குழப்பம்.

யூரியூப்பில ஒரு மணித்தியாலப் பறவைப் பாட்டு எண்டு வாறதுகளைப் படிக்கப் பாவிக்க வேண்டாம். கனதில என்ன பறவை எண்டே இல்லை, ஒரே துண்டை ஒட்டி ஒட்டி ஓடவிட்டிருப்பினம். பறவை கத்துறதில எவ்வளவு இருக்கோ அவ்வளவு அது சும்மா இருக்கிற நேரத்திலயும் இருக்கு. சின்னக் குக்குறுவான் ஒரே சீரில மணிக்கூடு மாதிரித் தட்டிக்கொண்டே போகும், பெரியது கொஞ்சம் கூப்பிட்டு நிப்பாட்டிப் பிறகு தொடங்கும், அந்த மூச்சு விடுற இடம் வெட்டுப்பட்டுப் போச்செண்டா பாதி அடையாளம் போச்சு. 20 தொடக்கம் 40 செக்கன், பறவை ரெண்டு மூண்டு தரமாவது முழுசாக் கூப்பிட்டு முடிக்கிற அளவு, இடைவெளியோட. தொடக்கத்தில பேர் சொல்லுற குரல் வாற ரெக்கோர்டிங் எண்டா அந்தப் பேரை வெட்டிப் போடுங்கோ, ஓடாசிற்றி எண்ட இலவச மென்பொருளில அஞ்சு நிமிச வேலை. பேர் முதல் கேட்டா காது வேலை செய்யாது. ஃபைல் பேரையும் 01, 02 எண்டு மாத்தி விடையைக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில எழுதி வையுங்கோ.

போன் ஸ்பீக்கரை நம்பாதைங்கோ. செண்பகத்தின்ர "ஊப் ஊப் ஊப்" எவ்வளவு ஆழமான சத்தம், வெறும் பானைக்குள்ள ஊதுற மாதிரி, அது போன் ஸ்பீக்கரில மூக்கடைச்ச மாதிரித்தான் வரும், மீன் ஆந்தையின்ர உறுமல் அறவே வராது, ஏனெண்டா அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ் ஒலியைத் தள்ள ஏலாது. சாதாரண ஹெட்போன் ஒண்டு போதும், விலை கூடினது வேண்டாம். பஸ்ஸில கேக்காதைங்கோ, எஞ்சின் இரைச்சல் அந்த ஆழமான குரலுகளை அப்பிடியே மூடிப்போடும். எம்பி3 எண்டா தரம் குறைவோ எண்டு ஒரு சந்தேகம் வரும், படிக்கிறதுக்கு அது தாராளம், பறவைக் குரல்களில பெரும்பாலானது எம்பி3 வெட்டுற உயரத்துக்குக் கீழதான் இருக்கு. அதால டேற்றாவையும் மிச்சம் பிடிக்கலாம்.

ரெக்கோர்டிங்குக்கு மேல கறுப்பு வெள்ளையில ஒரு படம் ஓடும் கண்டிருப்பியள், அதைத் தள்ளி விடாதைங்கோ. இடமிருந்து வலம் நேரம், கீழயிருந்து மேல சுருதி. குயில் படியேறுற மாதிரி ஒவ்வொண்டும் முன்னதைவிட மேல போகும். சின்னக் குக்குறுவான் ஒரே உயரத்தில பொட்டுப் பொட்டாக் கோலப்புள்ளி வைச்ச மாதிரி. ஆறுமணிக்குருவி ரெண்டு கோடு, பிறகு வெறுமை, பிறகு ரெண்டு கோடு. காதுக்குப் பிடிபடாதது சிலவேளை கண்ணுக்குப் பிடிபடும், பிள்ளையளுக்கு இது இன்னும் நல்லம், கரும்பலகையில கீறிக் காட்டலாம்.

குரலை மட்டும் வைச்சு முடிவெடுக்க ஏலாத இடமும் இருக்கு, அதையும் சொல்லோணும். எங்கட மரங்கொத்தி. யாழ்ப்பாணம், வடக்குப் பக்கம் முதுகு பொன்மஞ்சள், தெற்குப் பக்கம் முதுகு சிவப்பு, அந்தச் சிவப்பு இப்ப தனி இனமாவே கணக்கு. மன்னாரில இருந்து திருகோணமலை வரைக்கும் போற துண்டில ரெண்டும் கலக்குது, அதுக்குள்ளதான் நாங்கள் இருக்கிறம், செம்மஞ்சள் முதுகோடயும் காணலாம். குரல் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கனைப்பு. அதால கனைப்புக் கேட்டா மரங்கொத்தி எண்டு எழுதுங்கோ, நிறத்தைக் கண்டாப் பிறகு மிச்சத்தை எழுதுங்கோ.

பறவையை அடையாளம் காட்டுற மேர்லின் எண்ட போன் அப் பற்றியும் கேப்பியள். 2021ல அதில சத்தத்தைக் கேட்டுப் பேர் சொல்லுற வசதி வந்தது, பேர்ட்நெட் எண்டும் ஒண்டு இருக்கு. நான் பாவிக்கிறனான், ஆனா முதல் நான் என்ன நினைக்கிறன் எண்டு கொப்பியில எழுதிப்போட்டுத்தான் அப்பைத் திறப்பன். அது ஒரு பேரைச் சொன்னா அந்தப் பேரில இலங்கை ரெக்கோர்டிங் ரெண்டைக் கேட்டு ஒத்துப் பாத்தாப் பிறகுதான் ஏத்துக்கொள்ளுவன். கரிக்குருவி போலி பண்ணேக்க அப்பும் ஏமாறும்.

கொஞ்சநாள் போக நீங்களே பதியத் தொடங்குங்கோ, உங்கட வளவில உங்கட போனில பதிஞ்சதைவிடக் காதுக்கு நெருக்கமானது வேற ஒண்டும் இல்லை. கை ஆடாமல் போனை வேலித்தூணில வைச்சு மைக்கைப் பறவைப் பக்கம் திருப்பி ரெண்டு நிமிசம் மூச்சுக் காட்டாமல் நில்லுங்கோ, முடியேக்க திகதி, நேரம், இடம், பறவையைக் கண்டதோ இல்லையோ எண்டு வாயால சொல்லி முடியுங்கோ. எனக்கோ வேற ஆருக்கோ அனுப்பேக்க வட்ஸ்அப்பில வொய்ஸ் மெசேஜா அனுப்பாதைங்கோ, அது மனிசர் கதைக்கிறதுக்கு எண்டு ஒலியை நசுக்கிப்போடும், டொக்கியுமென்ட் எண்டு போட்டு அனுப்பினா அப்பிடியே வரும்.

தெரியாத ஒண்டு பதிவில விழுந்தா அழிக்காதைங்கோ. தீபால் வரகாகொட எண்டவர் இந்த நாட்டுப் பறவைக் குரலுகளைப் பதிஞ்சு கசற்றாவும் சீடியாவும் வெளியிட்டவர். 1995ல கித்துல்கல காட்டில இரவு ஒரு குரல் கேட்டிருக்கிறார், தனக்குத் தெரிஞ்ச எந்த ஆந்தையோடையும் அது பொருந்தேல்லை. விடாமல் தேடி 2001 ஜனவரியில சிங்கராஜாவில அந்தப் பறவையைக் கண்ணால கண்டார், 2004ல அது உலகத்துக்கே புது இனமா, செரண்டிப் ஆந்தை எண்டு, அறிவிக்கப்பட்டது. மற்ற ஆந்தையளின்ர குரல் எல்லாம் அத்துப்படியா இருந்தபடியால்தான் இது புதுசு எண்டு அந்த இருட்டில அவருக்கு விளங்கினது.

ஒண்டு கேட்டுக்கொள்ளுறன், டவுன்லோட் பண்ணின குரலைக் காட்டுக்குள்ள கொண்டுபோய்ப் பறவைக்குப் போட்டுக் காட்டாதைங்கோ, பிள்ளையளையும் விடாதைங்கோ. மாரி முடிய, தை மாசிக்குப் பிறகு, கனக்கப் பறவையள் கூடு வைக்கிற காலம். ஒரு ஆண்பறவை இல்லாத எதிரியைத் தேடி அரை மணித்தியாலம் அலைஞ்சா அந்த நேரத்துக்குக் கூட்டில ஆர் காவல்? ஹெட்போனில மட்டும் கேளுங்கோ. எங்கட அப்பா தேன் எடுக்கக் காட்டுக்குப் போறவர், குரலை வைச்சே இருபது முப்பது பறவையைச் சொல்லுவார், ஒரு ரெக்கோர்டிங்கும் கேக்காத மனிசன், அவர் காட்டுக்குள்ள போய் முதல் செய்யிறது சத்தம் போடாமல் ஒரு மரத்தில சாஞ்சு நிக்கிறதுதான்.

சரி, உங்கட பிங்பொங் பந்து. அது தவளை இல்லை, பக்கி. பகலில சருகோட சருகாப் படுத்துக் கிடக்கும், மிதிக்கிற அளவுக்குக் கிட்டப் போனாத்தான் எழும்பும், பொழுதுபட ஒழுங்கையில குந்திக்கொண்டு இருக்கேக்க மோட்டச்சைக்கிள் லைற்றில கண் சிவப்பா மின்னும். எங்கட பக்கத்தில கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பக்கி இருக்கு, பாத்துப் பிரிக்கிறது எனக்கே கஸ்டம், குரல்தான் பிரிச்சுக் காட்டும். இந்தியப் பக்கி "ச்சுக்... ச்சுக்... ச்சுக்" எண்டு தொடங்கி வர வர நெருங்கிக் கடைசியில "ர்ர்ர்" எண்டு உருண்டு முடியும், கையில இருந்து நழுவின பந்து சீமெந்து நிலத்தில துள்ளித் துள்ளி அடங்கிற மாதிரி. ஜேர்டன் பக்கி நெருங்காது, பலகையில தட்டுற மாதிரி ஒரு சத்தம், ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலயும் ஒரு நடுக்கம், பிறகு அதே அளவு இடைவெளி விட்டு அடுத்தது. நீங்கள் துள்ளுற பந்து எண்டு எழுதினதால இந்தியப் பக்கியாத்தான் இருக்கோணும், ஆனா என்ர சொல்லை நம்பி எழுத வேண்டாம். ரெண்டுக்கும் இலங்கை உலர்வலய ரெக்கோர்டிங் ரெண்டு ரெண்டு எடுத்துப் பகலில வீட்டில கேளுங்கோ. பிறகு போனை வீட்டில வைச்சிட்டு ஆறேமுக்காலுக்குக் கிறவுண்ட் மூலையில போய் நிண்டு தட்டுத் தட்டா எண்ணுங்கோ, கடைசியில நெருங்குதோ, ஒரே அளவா நிக்குதோ எண்டு. எழுதிப் போடுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.